ரேட்டை லாக் செய்தால் லிங்க் நிமிருமா? வயலில் தண்ணீர் கட்டியதும் வேகம் படுத்துவிட்டது

வெட்டாறு | 9 அக்டோபர், இரவு 9:42

கொரடாச்சேரிப் பக்கம். அரிசி ஆலை மாடியிலிருந்து வயல் தாண்டி 1.5 கி.மீ. தள்ளி இருக்கும் வீட்டுக்கு 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை லிங்க். இரண்டு முனையிலும் ஆத்9கே டிரைவரில் ஓடும் சிப், ஓப்பன்டபிள்யூஆர்டி (ரவுட்டருக்கான லினக்ஸ்), 13 டிபிஐ பேனல் ஆன்டெனா. சேனல் 149, 40 மெகாஹெர்ட்ஸ் அகலம். கோடையில் வயலில் பருத்தி நின்றபோது சிக்னல் -61 டிபிஎம், ரேட் (ரேடியோ அனுப்பும் வேகம்) 243, 270 எம்பிபிஎஸ் என்று நிலையாக இருந்தது. ஆற்றில் தண்ணீர் வந்து சம்பாவுக்கு வயலில் தண்ணீர் கட்டியதிலிருந்து 27-க்கும் 54-க்கும் நடுவே ஆடுகிறது.

ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 செட் பிட்ரேட்ஸ் எச்டி-எம்சிஎஸ்-5 15 என்று கொடுத்து 270-இல் (எம்சிஎஸ் என்பது ரேட்டின் வரிசை எண், 15 என்றால் 270) லாக் செய்தால் லிங்க் இருப்பதாகக் காட்டுகிறது, பிங் போகவில்லை. எம்சிஎஸ் 3-இல் லாக் செய்தால் பிங் போகிறது, டவுன்லோடு பழையபடியே கிடக்கிறது. எந்த எண்ணில் லாக் செய்ய வேண்டும்?

குடமுருட்டி | 9 அக்டோபர், இரவு 10:20

முதலில் லாக்கை எடுங்கள். அதே கட்டளையை செட் பிட்ரேட்ஸ் வரை மட்டும் தட்டி என்டர் கொடுத்தால் எல்லா ரேட்டும் திரும்ப வந்துவிடும். (இந்த இழையில் கட்டளைகளை ஒலிப்படி எழுதுகிறோம். டெர்மினலில் வழக்கமான ஸ்பெல்லிங்கில் தட்டவும்.)

இந்தக் கட்டளை, அதைத் தட்டிய ரேடியோ அனுப்பும் ரேட்டை மட்டும்தான் கட்டுப்படுத்தும். வீட்டு ரேடியோவில் லாக் செய்தால் வீட்டிலிருந்து ஆலைக்குப் போகும் திசை மாறும், அதாவது அப்லோடு. டவுன்லோடு எந்த ரேட்டில் வர வேண்டும் என்பதை முடிவு செய்வது ஆலை மாடியில் இருக்கும் ரேடியோ. அதற்கு உங்கள் லாக் பற்றி எதுவும் தெரியாது. டவுன்லோடு அசையாததற்குக் காரணம் அதுதான்.

எம்சிஎஸ் 15-இல் பிங் செத்ததும் இயல்புதான். இணைப்பைப் பராமரிக்கும் மேனேஜ்மென்ட் ஃபிரேம்கள் 6 எம்பிபிஎஸ் போன்ற கீழ் ரேட்டில் போய்ச் சேர்ந்துவிடும், அதனால் இணைப்பு உயிரோடு இருப்பதாகத் தெரியும். டேட்டா மட்டும் 270-இல் போக முயன்று மடியும்.

இரண்டு முனையிலும் ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 ஸ்டேஷன் டம்ப் (சிக்னல், ரேட், மறுபடி அனுப்பிய பாக்கெட் ஆகியவற்றின் பட்டியல்) எடுத்துப் போடுங்கள். டிஸ்டன்ஸ் (லிங்க்கின் தூரத்தை ரேடியோவுக்குச் சொல்லும் அமைப்பு) வைத்திருக்கிறீர்களா என்றும் சொல்லுங்கள். சும்மா இருக்கும் லிங்க்கில் எடுத்த டம்ப் பயன்படாது. வேகம் அளக்கும் ஐபெர்ஃப் கருவியை ஓட்டுங்கள்: ஆலைப் பக்கம் ஒரு கணினியில் ஐபெர்ஃப்3 மைனஸ் எஸ், வீட்டுக் கணினியில் ஐபெர்ஃப்3 மைனஸ் சி, பின்னால் ஆலைக் கணினியின் ஐபி, மைனஸ் டி 60. ஓட ஆரம்பித்ததும் ஒரு டம்ப், 30 வினாடி கழித்து இன்னொன்று. அதையே கடைசியில் மைனஸ் ஆர் சேர்த்து எதிர்த் திசைக்கும் எடுங்கள். ஐபெர்ஃப்பை ரேடியோவுக்குள்ளேயே ஓட்டாதீர்கள், அந்தச் சின்ன பிராசஸர் திணறி எண்ணைக் குறைத்துக் காட்டும்.

அரசலாறு | 10 அக்டோபர், காலை 7:05

ஐடபிள்யூகான்ஃபிக் டபிள்யூலான்0 ரேட் 24எம் என்று ஒரே வரியில் வேலை முடிந்துவிடுமே அண்ணே. பழைய லேப்டாப்பில் எல்லாம் அப்படித்தான் செய்வோம். எதற்கு இவ்வளவு சுற்று?

குடமுருட்டி | 10 அக்டோபர், காலை 8:30

ஐடபிள்யூகான்ஃபிக் பழைய வயர்லெஸ் எக்ஸ்டென்ஷன்ஸ் காலத்துக் கருவி தம்பி. அதற்குத் தெரிந்தது 1 முதல் 54 வரையான பழைய ரேட்டுகள்தான். எம்சிஎஸ், இரண்டு ஸ்ட்ரீம் (ஒரே நேரத்தில் இரண்டு தரவு ஓட்டம்), கார்டு இன்டர்வல் (குறியீடுகளுக்கு நடுவே விடும் இடைவெளி) எதுவும் தெரியாது. இந்த 11என் (802.11என் தரம்) லிங்க்கை அதை வைத்து அளக்கவும் முடியாது, கட்டவும் முடியாது. ஐடபிள்யூ கருவியைத்தான் பயன்படுத்த வேண்டும். அதிலும் லாக் எடுபடுமா என்பது டிரைவரைப் பொறுத்தது.

ஆத்9கே போன்றவற்றில் ரேட்டைத் தேர்ந்தெடுப்பது கெர்னலில் இருக்கும் மின்ஸ்ட்ரல் என்ற நிரல். அதனால் செட் பிட்ரேட்ஸ் சொன்னபடி கேட்கும். இன்டெல் கார்டுகளில் டிரைவரே தன் கணக்கை வைத்திருக்கும். ராஸ்பெர்ரி பையில் உள்ள பிராட்காம் சிப்பில் எல்லாமே ஃபர்ம்வேருக்குள் நடக்கும், கட்டளையை ஏற்காது. ஆத்10கே பாதி ஏற்கும்: ஒரே ஒரு ரேட்டையோ, ஸ்ட்ரீம் எண்ணிக்கையையோ குறிப்பிடலாம். நடுவில் இருந்து நாலைந்தைப் பொறுக்கிக் கொடுத்தால் மறுக்கும்.

வரும் பிழை எண்ணைப் பார்த்தாலே பாதி விஷயம் விளங்கும். -1 வந்தால் ரூட் உரிமை இல்லை. -95 வந்தால் டிரைவருக்கு அந்த வசதியே இல்லை, மேலே முயல வேண்டாம். -100 என்றால் இன்டர்ஃபேஸ் கீழே இருக்கிறது, ஐபி லிங்க் செட் டபிள்யூலான்0 அப் கொடுத்துவிட்டு மறுபடி பாருங்கள். -22 தான் ஆளைக் குழப்பும். எழுத்துப்பிழை ஒரு காரணம். இன்னொன்று, ஆக்சஸ் பாயின்ட் அடிப்படை ரேட் என்று அறிவித்தவற்றில் ஒன்றுகூட உங்கள் பட்டியலில் இல்லாமல் போவது. லெகசி-5 54 என்று மட்டும் கொடுத்து இதில் மாட்டுபவர்கள் அதிகம். 6, 12, 24 மூன்றையும் சேர்த்துக் கொடுத்தால் ஏற்கும்.

வெட்டாறு | 10 அக்டோபர், இரவு 8:15

லாக்கை எடுத்துவிட்டேன். வீட்டு முனையில், ஐபெர்ஃப் ஓடும்போது:

சிக்னல்: -75 [-78, -78] டிபிஎம்
டிஎக்ஸ் பிட்ரேட்: 54.0, எம்சிஎஸ் 3, 40 மெகாஹெர்ட்ஸ்
30 வினாடியில் டிஎக்ஸ் பாக்கெட் 61,000 சுமார், டிஎக்ஸ் ரீட்ரை 24,000 சுமார்
டிஎக்ஸ் ஃபெயில்டு 90

ஆலை முனையில் சிக்னல் -76 [-79, -79]. ரீட்ரை அதே அளவு. டிஸ்டன்ஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது, வைக்கவில்லை.

குடமுருட்டி | 10 அக்டோபர், இரவு 11:10

நல்ல டம்ப். இதில் முக்கியமானது சதுர அடைப்புக்குள் இருக்கும் இரண்டு எண்கள். ஒவ்வொரு ஆன்டெனாச் சங்கிலிக்கும் (ஆன்டெனா, கேபிள், ரேடியோவில் அதற்கான பகுதி) தனித்தனி சிக்னல் அது. இரண்டும் சமமாக இருக்கின்றன. மழைக்காலத்தில் நம் பக்கம் முதலில் சந்தேகப்பட வேண்டியது கனெக்டருக்குள் இறங்கிய தண்ணீர். அப்படியென்றால் [-62, -79] என்று ஒரு பக்கம் மட்டும் விழுந்திருக்கும். இரண்டு ஸ்ட்ரீம் ரேட்டுகள், அதாவது எம்சிஎஸ் 8 முதல் 15 வரை, மடிந்துபோய் 0 முதல் 7 வரை நன்றாக ஓடும். உங்களுக்கு இரண்டு சங்கிலியும், இரண்டு முனையும் ஒன்றாக விழுந்திருக்கின்றன. கனெக்டர், கேபிள், ரேடியோ மூன்றையும் இப்போதைக்கு விட்டுவிடலாம். கோளாறு நடுவழியில் இருக்கிறது.

எவ்வளவு வர வேண்டும் என்று பார்ப்போம். 1.5 கி.மீ., 5.745 கிகாஹெர்ட்ஸ். வெட்டவெளி இழப்பு 92.45 + 20 லாக் 1.5 + 20 லாக் 5.745 = 111 டிபி. அனுப்பும் திறன் 20 டிபிஎம், ஆன்டெனா 13 + 13. ஆக 20 + 26 - 111 = -65. கோடையில் -61 வந்தது, கணக்கைவிட 4 டிபி கூடுதல். இப்போது -75, 10 டிபி குறைவு. கூடுதலாக வந்த அந்த 4 டிபியையும் மனதில் வையுங்கள். தடை மட்டும் இருந்தால் சிக்னல் குறையத்தான் செய்யும், கணக்கைத் தாண்டி ஏறாது.

டிஸ்டன்ஸை இன்றே வைத்துவிடுங்கள், இரண்டு முனையிலும்: ஐடபிள்யூ ஃபை ஃபை0 செட் டிஸ்டன்ஸ் 1600. மீட்டர் கணக்கு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் நிலையாக இருக்க ரேடியோ பகுதியில் ஆப்ஷன் டிஸ்டன்ஸ் '1600'. வைக்காவிட்டால் எதிர்முனையின் ஏக் (கிடைத்தது என்ற பதில்) வந்துசேரும் முன்பே ரேடியோ பொறுமை இழந்து மறுபடி அனுப்பும். பாக்கெட் போய்ச் சேர்ந்திருந்தாலும் தோல்வி என்று மின்ஸ்ட்ரல் எழுதிக்கொண்டு ரேட்டைக் குறைக்கும். ஆனால் அந்தக் கோளாறு லிங்க் போட்ட முதல் நாளே தெரிந்திருக்கும், தண்ணீர் கட்டும் வரை காத்திருக்காது. ரீட்ரை கொஞ்சம் இறங்கும், -75 அப்படியேதான் இருக்கும்.

கோரையாறு | 11 அக்டோபர், காலை 6:50

ஐப்பசி பிறக்கும் முன்பே இங்கே மழை தொடங்கிவிட்டது. மழைதான் காரணம். இல்லையென்றால் தென்னை. 2018 நவம்பர் கஜாவில் விழுந்தது போக, பிறகு நட்ட கன்றுகள் எல்லாம் இப்போது மட்டை விரித்து நிற்கின்றன.

குடமுருட்டி | 11 அக்டோபர், காலை 9:00

மழை இல்லை. மணிக்கு 100 மி.மீ. கொட்டினாலும் இந்த அலைவரிசையில் 1.5 கி.மீ.க்கு 2 டிபி கூட இழப்பு வராது. மழையால் லிங்க் அறுவது 60 கிகாஹெர்ட்ஸ் பெட்டிகளில்தான்.

தென்னை சரியான சந்தேகம். நனைந்த மட்டை ஒன்று குறுக்கே வந்தாலே 10 டிபிக்கு மேல் போகலாம். ஆனால் மட்டை காற்றில் ஆடும், சிக்னலும் கூடவே ஆடும். வாட்ச் மைனஸ் என் 1 போட்டு ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 லிங்க்கை ஐந்து நிமிடம் பாருங்கள். -66, -78, -70 என்று குதித்தால் மரம். -75, -75, -76 என்று அசையாமல் நின்றால் வேறு காரணம்.

நேர்ப்பார்வை தெரிகிறது என்பதும் போதாது. பாதி வழியில் ஃப்ரெனெல் மண்டலத்தின் (நேர்க்கோட்டைச் சுற்றி அலை பரவிப் போகும் வெளி) ஆரம் 8.66 × √(1.5 ÷ 5.745), அதாவது 4.4 மீட்டர். அதில் 60 சதவீதம், 2.7 மீட்டர் அளவுக்காவது கோட்டைச் சுற்றி வெற்றிடம் வேண்டும்.

வெட்டாறு | 11 அக்டோபர், மாலை 6:30

அசையவே இல்லை. காற்று நன்றாக அடித்தது, -75 தாண்டி ஒரு எண் நகரவில்லை. வழியில் தென்னை எதுவும் இல்லை, முழுக்க வயல்தான். டிஸ்டன்ஸ் வைத்ததில் ரீட்ரை பாதியாகிவிட்டது, ரேட் 81 வரை தொடுகிறது.

குடமுருட்டி | 11 அக்டோபர், இரவு 10:45

அப்படியானால் தண்ணீர்ப் பரப்பில் பட்டு எதிரொளிக்கும் அலை. டெல்டாவில் வயல் தாண்டும் லிங்க்குகளில் இது நிறைய நடக்கிறது. பெட்டி போச்சு என்று மாற்றிவிடுகிறார்கள், புதுப் பெட்டியும் அதே எண்ணைத்தான் காட்டும்.

உழுது சமன் செய்த வயலில் தண்ணீர் நின்றால் அலைக்கு அது கண்ணாடி. ஆலையிலிருந்து ஒரு அலை நேராக வருகிறது. இன்னொன்று கீழே தண்ணீரில் பட்டு, தலைகீழாகப் புரண்டு, கொஞ்சம் தாமதமாக வருகிறது. இரண்டு பாதைக்கும் உள்ள நீள வித்தியாசம் சரியாக ஓர் அலைநீளமாக அமைந்தால் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிடும். அரை அலைநீளமோ ஒன்றரையோ ஆனால் ஒன்றோடொன்று கூடும், வெட்டவெளிக் கணக்கைத் தாண்டி 6 டிபி வரை ஏறும். கோடையில் உங்களுக்கு வந்த கூடுதல் 4 டிபி அதுவாக இருக்க வேண்டும்.

கம்பத்தில் ஏறாமலே சோதிக்கலாம். மட்டை, சுவர் போன்ற தடை என்றால் சேனல் 36-க்கும் 149-க்கும் இழப்பு ஏறக்குறைய ஒன்றுதான். எதிரொளிப்பு என்றால் அலைநீளம் மாறியதுமே எண் மாறும். 149-இல் அலைநீளம் 5.22 செ.மீ., 36-இல் 5.79 செ.மீ.

இரண்டு முனையிலும் ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 செட் டிஎக்ஸ்பவர் ஃபிக்ஸ்டு 2000 கொடுத்து 20 டிபிஎம்மில் நிறுத்துங்கள் (2000 என்பது எம்பிஎம் கணக்கு, நூறால் வகுக்க வேண்டும்). 149-இல் சிக்னலைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஆலை முனையில் மட்டும் யூசிஐ செட் வயர்லெஸ்.ரேடியோ0.சேனல்=36, யூசிஐ கமிட் வயர்லெஸ், வைஃபை ரீலோடு. வீட்டு முனை ஸ்டேஷன் மோடில் (ஆக்சஸ் பாயின்ட்டோடு போய் இணையும் முனையாக) இருப்பதால் தானே தேடி வந்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் டிஎக்ஸ்பவரை மறுபடி கொடுங்கள், ரீலோடு அதை அழித்திருக்கும். ஐடபிள்யூ டெவ் டபிள்யூலான்0 இன்ஃபோ பார்த்து இரண்டு முறையும் 20 என்று உறுதி செய்த பிறகே ஒப்பிடுங்கள்.

ஐடபிள்யூ ரெக் கெட் கொடுத்து நாடு ஐஎன் என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். 00 என்று இருந்தால் பல சேனல்களில் ஆக்சஸ் பாயின்ட் எழுந்திருக்கவே செய்யாது. 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் மொத்தம் 605 மெகாஹெர்ட்ஸ் உரிமம் தேவையில்லாமல் இந்தியாவில் திறந்துவிடப்பட்டது, 36-உம் 149-உம் அதற்குள்தான். 52 முதல் 144 வரை ரேடார் பார்த்து விலகும் விதி உண்டு, சோதனைக்கு அவற்றைத் தொட வேண்டாம்.

இரண்டு ஆன்டெனாவும் வயல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரம் என்று டேப் வைத்து அளந்து சொல்லுங்கள். தரையிலிருந்து அல்ல, வயல் மட்டத்திலிருந்து. வீட்டு மனை மேடாக இருந்தால் அதையும் சேர்க்க வேண்டும்.

வெட்டாறு | 12 அக்டோபர், இரவு 7:55

149-இல் -75. 36-இல் -69. பவர் இரண்டிலும் 20. ஆலை ஆன்டெனா 8 மீட்டர், வீடு 4.9 மீட்டர்.

குடமுருட்டி | 12 அக்டோபர், இரவு 9:30

விடை கிடைத்துவிட்டது. பாதை வித்தியாசம் = 2 × உயரம் × உயரம் ÷ தூரம் = 2 × 8 × 4.9 ÷ 1500 = 0.0523 மீட்டர், 5.23 செ.மீ. சேனல் 149-இன் அலைநீளம் 5.22. மில்லிமீட்டர் பிசகாமல் படுகுழியில் நிற்கிறது உங்கள் ஆன்டெனா. 36-இல் அதே 5.23 என்பது 0.9 அலைநீளம்தான், அதனால் குழியின் கரையில் நிற்கிறது, 6 டிபி ஏறியது.

இந்தக் குழியில் எந்த ரேட்டில் லாக் செய்தும் பயன் இல்லை. சிக்னல் இல்லாத இடத்தில் மேல் ரேட் மடியும், கீழ் ரேட் நத்தையாகப் போகும்.

வீட்டு ஆன்டெனாவை 7.3 மீட்டருக்கு ஏற்றினால் வித்தியாசம் 7.8 செ.மீ., ஒன்றரை அலைநீளம். உச்சத்துக்கு வந்துவிடும்.

பாமணியாறு | 12 அக்டோபர், இரவு 11:50

குடமுருட்டி சார், 7.3 வேண்டாம். அது தண்ணீர் மட்டும் நிற்கும் வயலுக்கான எண். கார்த்திகையில் சம்பாப் பயிர் ஒரு மீட்டர் வளர்ந்து அடர்ந்த பிறகு எதிரொளிக்கும் தளமும் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயர்ந்துவிடும். அப்போது 8 என்பது 7, 7.3 என்பது 6.3. பாதை வித்தியாசம் 5.9 செ.மீ., அதாவது 1.13 அலைநீளம். மறுபடி குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள்.

கோடையில் ஏன் நன்றாக இருந்தது என்பதும் இதிலேயே வந்துவிடுகிறது. பருத்தி ஒரு மீட்டர் நின்றது. 7 × 3.9 போட்டால் 3.64 செ.மீ., 0.7 அலைநீளம், கூடுதல் 4 டிபி. அவர் சொன்ன -61 அப்படியே வருகிறது.

8 மீட்டர் வையுங்கள். தண்ணீர் நிற்கும்போது 8 × 8, வித்தியாசம் 8.5 செ.மீ., 1.63 அலைநீளம், கூடுதல் 5 டிபி. பயிர் நிற்கும்போது 7 × 7, 6.5 செ.மீ., 1.25 அலைநீளம், கூடுதல் 3 டிபி. இரண்டு பருவத்திலும் நிற்கும்.

ஏற்ற வசதி இல்லையென்றால் 3 மீட்டருக்கு இறக்கினாலும் கணக்குச் சரியாக வருகிறது: 0.61 அலைநீளம், பயிரோடு 0.36.

குடமுருட்டி | 13 அக்டோபர், காலை 7:40

பயிர் மட்டம் பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, 8 மீட்டரே வையுங்கள். 3 மீட்டர் கணக்கில் அழகாக இருந்தாலும் நான் பரிந்துரைக்க மாட்டேன். அறுவடை இயந்திரம், வைக்கோல் ஏற்றிய டிராக்டர், வரப்பில் முளைக்கும் கருவை எல்லாம் அந்த உயரத்தில் குறுக்கே நிற்கும்.

கம்பம் பற்றி. மாடிக்கு மேல் மூன்று, நாலு மீட்டர் என்றால் ஒன்றரை அங்குல ஜிஐ பைப், மூன்று பக்கமும் சம இடைவெளியில் இழுகம்பி, டர்ன்பக்கிள் போட்டு முறுக்க வேண்டும். புயல் மாதங்கள் வருகின்றன, இழுகம்பி இல்லாமல் விடாதீர்கள். பேனல் காற்றில் பெரிதாகத் திரும்பிவிட்டால் போட்ட கணக்கு வீண். கம்பத்துக்குத் தனி எர்த் கொடுங்கள்.

மேலே போகும்போதே கனெக்டரையும் மூடிவிடுங்கள். தன்னோடு தானே ஒட்டும் ரப்பர் டேப்பை இரண்டு மடங்கு நீளத்துக்கு இழுத்து, கீழிருந்து மேலாகப் பாதி பாதி மேலேறும்படி சுற்ற வேண்டும். மேலிருந்து சுற்றினால் ஒவ்வொரு மடிப்பும் தண்ணீரை உள்ளே வாங்கும். அதன் மேல் கறுப்பு வினைல் டேப். புளிப்பு வாடை அடிக்கும் சிலிக்கான் பசையைத் தொடாதீர்கள், அதிலிருந்து கிளம்பும் அமிலம் செம்பைத் தின்றுவிடும். நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் இது இன்னும் வேகமாக நடக்கும். கேபிள் ரேடியோவுக்குள் நுழையும் முன் ஒரு வளைவு கீழே தொங்க வேண்டும், தண்ணீர் அங்கேயே சொட்டிவிடும்.

அரசலாறு | 14 அக்டோபர், மாலை 5:20

அப்படியானால் ரேட்டைக் கட்டுப்படுத்துவதற்கு இடமே இல்லையா? ஊரில் எல்லோரும் 2.4 கிகாஹெர்ட்ஸில் கீழ் ரேட்டுகளை எடுத்துவிடச் சொல்கிறார்களே.

குடமுருட்டி | 14 அக்டோபர், இரவு 10:05

இருக்கிறது, அது வேறு வேலை. ஒரே ரேட்டில் லாக் செய்வதும், தேவையில்லாத கீழ் ரேட்டுகளை ஆக்சஸ் பாயின்ட்டில் நீக்குவதும் ஒன்றல்ல.

2.4-இல் 11பி (பழைய வைஃபை தரம்) ரேட்டுகள் நாலு: 1, 2, 5.5, 11. 1,500 பைட் பாக்கெட் 1 எம்பிபிஎஸ்ஸில் போக 12 மில்லி வினாடி. அதுவே 54-இல் கால் மில்லி வினாடிக்கும் குறைவு. பீக்கன் (நெட்வொர்க் இருப்பதை அறிவிக்கும் ஃபிரேம்) வினாடிக்குப் பத்து முறை அடிப்படை ரேட்டில் போகும். 250 பைட் பீக்கன் 1 எம்பிபிஎஸ்ஸில் 2 மில்லி வினாடி பிடிக்கும், ஒரு எஸ்எஸ்ஐடிக்கு (வைஃபை பெயர்) 2 சதவீத நேரம் போய்விட்டது. கும்பகோணம் கடைத்தெரு மாதிரி இடத்தில் ஒரே சேனலில் பத்து எஸ்எஸ்ஐடி கேட்டால் யாரும் எதுவும் அனுப்பாதபோதே ஐந்தில் ஒரு பங்கு காலி. அங்கே 11பி-யை எடுத்தால் உடனே பலன் தெரியும்.

ஹோஸ்ட்ஏபிடியில் (லினக்ஸில் ஆக்சஸ் பாயின்ட்டை இயக்கும் நிரல்) சப்போர்ட்டட்_ரேட்ஸ்=60 90 120 180 240 360 480 540, பேசிக்_ரேட்ஸ்=60 120 240. அலகு 100 கேபிபிஎஸ், அதனால் 60 என்றால் 6 எம்பிபிஎஸ். ஓப்பன்டபிள்யூஆர்டியில் அதே விஷயம் கேபிபிஎஸ் அலகில், 6000 என்று எழுத வேண்டும். இரண்டையும் மாற்றி எழுதிவிட்டு ரேடியோ எழும்பவில்லை என்று வருபவர்கள் உண்டு. ஓப்பன்டபிள்யூஆர்டியில் 11பி மட்டும் போனால் போதும் என்றால் ஆப்ஷன் லெகசி_ரேட்ஸ் '0' ஒன்றே போதும்.

அடிப்படை ரேட்டை 24-க்கு மேல் ஏற்ற வேண்டாம். அடிப்படை ரேட் என்பது இணையும் ஒவ்வொரு கருவியும் கட்டாயம் புரிந்துகொள்ள வேண்டிய ரேட். பிராட்காஸ்ட், ஏஆர்பி (முகவரி தேடும் கேள்வி), பீக்கன் எல்லாம் அதில்தான் போகும், அதற்கு ரீட்ரையும் கிடையாது. 24-ஐ மட்டும் வைத்தால் வீட்டுக்குள் ஜோராக இருக்கும். வயற்கோடியில் மோட்டார் கொட்டகைக்குள் -80-இல் தொங்கிக்கொண்டிருக்கும் ஸ்டார்ட்டர் மாட்யூல் பீக்கனையே கேட்காமல் கழன்றுவிடும். மோட்டார் கொட்டகை இருக்கிற இடத்தில் 6-ஐ விட்டுவையுங்கள்.

கோரையாறு | 15 அக்டோபர், காலை 6:35

மைக்ரோடிக் ரவுட்டரில் இதை எப்படிச் செய்வது?

பாமணியாறு | 15 அக்டோபர், காலை 8:10

/இன்டர்ஃபேஸ் வயர்லெஸ் செட் டபிள்யூலான்1 ரேட்-செட்=கான்ஃபிகர்டு, பிறகு பேசிக்-ரேட்ஸ்-ஏ/ஜி, சப்போர்ட்டட்-ரேட்ஸ்-ஏ/ஜி. பேசிக்கில் 54-ஐ மட்டும் டிக் செய்து எதுவும் இணையவில்லை என்று தவிப்பது வழக்கமான கோளாறு. ரேட்-செட்=டிஃபால்ட் கொடுத்தால் பழைய நிலை. டிஸ்டன்ஸ்=டைனமிக் விட்டுவிடலாம். ரெஜிஸ்ட்ரேஷன்-டேபிள் பிரின்ட் ஸ்டாட்ஸில் டிஎக்ஸ்-சிசிக்யூ (அனுப்பும் தரத்தின் சதவீதம்) பாருங்கள், சிக்னல்-ஸ்ட்ரெங்த்-சிஎச்0, சிஎச்1 இரண்டும் அங்கேயே தனித்தனியாகத் தெரியும்.

விண்டோஸில் நெட்ஷ் டபிள்யூலான் ஷோ இன்டர்ஃபேசஸ். ரிசீவ் ரேட், டிரான்ஸ்மிட் ரேட் இரண்டும் தனித்தனியாக வரும். சிக்னலைச் சதவீதத்தில் காட்டும். பாதியாக்கி 100-ஐக் கழித்தால் டிபிஎம். 60 சதவீதம் என்றால் -70.

வெட்டாறு | 26 அக்டோபர், இரவு 8:40

8 மீட்டர் ஏற்றியாயிற்று. சேனல் 149, -60 [-63, -63]. ரேட் 243, 270. ரீட்ரை 8 சதவீதம். ஆனால் ஐபெர்ஃப் இரண்டு திசையிலும் 94-இல் முட்டி நிற்கிறது. 94.1, 93.9, 94.0, எப்போது ஓட்டினாலும் இதுதான். எந்த ரேட்டைத் தட்டினால் இது உடையும்?

குடமுருட்டி | 26 அக்டோபர், இரவு 9:05

இவ்வளவு நிலையான எண்ணை வயர்லெஸ் தராது. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் போர்ட்டில் டிசிபி எட்டக்கூடிய உச்சம் அது. ஈத்டூல் ஈத்0 கொடுத்து ஸ்பீடு வரியைப் பாருங்கள், இரண்டு ரேடியோவிலும், இரண்டு கணினியிலும். நடுவில் இருக்கும் பிஓஇ அடாப்டர் (கேபிள் வழியே மின்சாரம் தரும் பெட்டி) கிகாபிட்டா என்றும் பாருங்கள். ரேடியோ போர்ட்டே 100 என்றால் அதுதான் எல்லை. போர்ட் கிகாபிட்டாக இருந்தும் 100 காட்டினால் நாலு ஜோடியில் ஒன்று போயிருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும் கேபிளில் செம்புப் பூச்சிட்ட அலுமினியம் போட்டிருந்தால் கிரிம்ப் செய்த இடத்தில் ஒடிந்திருக்கும். அந்தக் கேபிளில் 24 வோல்ட் பிஓஇ ஏற்றினால் வோல்டேஜும் இறங்கும். முழுச் செம்பு கேட்5ஈ வெளிப்புறக் கேபிள் வாங்கி மாற்றுங்கள்.

வெட்டாறு | 28 அக்டோபர், இரவு 9:15

ஆலைப் பக்கம் அலுமினியக் கேபிள்தான். மாற்றியதும் ஸ்பீடு 1000. டவுன்லோடு 158, அப்லோடு 151.

அரசலாறு | 29 அக்டோபர், காலை 7:20

270-இல் 158 என்றால் மீதி எங்கே போகிறது?

பாமணியாறு | 29 அக்டோபர், காலை 9:45

ஏக், காத்திருப்பு, முன்னொலி (ஒவ்வொரு ஃபிரேமின் தொடக்கக் குறி), டிசிபியின் சொந்த ஏக் எதிர்த் திசையில் பிடிக்கும் நேரம். 11என்-இல் காட்டும் ரேட்டில் 55, 60 சதவீதம் கையில் வந்தால் லிங்க் ஆரோக்கியமாக இருக்கிறது என்று அர்த்தம்.

வெட்டாறு | 14 டிசம்பர், மாலை 6:10

பயிர் இடுப்புக்கு மேல் வந்துவிட்டது. சிக்னல் -62. பாமணியாறு சொன்ன கணக்கு அப்படியே நிற்கிறது. இப்போது 243-இலேயே அதிக நேரம் இருக்கிறது, 270 எப்போதாவதுதான். மின்ஸ்ட்ரல் சரியாகத்தான் தேர்ந்தெடுக்கிறதா என்று எங்கே பார்ப்பது?

குடமுருட்டி | 14 டிசம்பர், இரவு 10:30

மவுன்ட் மைனஸ் டி டிபக்எஃப்எஸ் நன் /சிஸ்/கெர்னல்/டிபக் (ஓப்பன்டபிள்யூஆர்டியில் ஏற்கெனவே ஏறியிருக்கும்). பிறகு கேட் /சிஸ்/கெர்னல்/டிபக்/ஐஈஈஈ80211/ஃபை0/நெட்டெவ்:டபிள்யூலான்0/ஸ்டேஷன்ஸ்/, அதன் கீழ் எதிர்முனையின் மேக் முகவரி, அதற்குள் ஆர்சி_ஸ்டாட்ஸ்.

ஒவ்வொரு ரேட்டுக்கும் ஒரு வரி. ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் அதிக வேகம் தரும் நான்கு. பி என்று ஒலிக்கும் இன்னொரு எழுத்தும் வரும், ப்ராபபிலிட்டியின் முதலெழுத்து, அது நம்பகம் அதிகமான ரேட். சராசரி வெற்றி சதவீதத்தைப் பாருங்கள். எம்சிஎஸ் 15 எதிரே 80-உம் 14 எதிரே 97-உம் இருந்தால், 270 × 0.80 = 216, 243 × 0.97 = 236. 14-தான் லாபம், மின்ஸ்ட்ரல் அதை எடுத்திருப்பது சரி. எண்கள் 80-க்குப் பதில் 95 என்று இருந்தும் 14-இலேயே உட்கார்ந்திருந்தால் மட்டும் இங்கே போடுங்கள், பார்ப்போம்.

வெட்டாறு | 15 டிசம்பர், காலை 7:00

15-க்கு 83, 14-க்கு 96. சரியாகத்தான் இருக்கிறது. அறுவடை முடிந்து உளுந்து விதைத்ததும் ஒரு டம்ப் போடுகிறேன்.